உச்சிப்பொழுதின் கையெழுத்து

செய்தி வந்தபோது நான் கருங்கல் சந்தையில் மீன்காரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். சாளை நேற்றையது என்று நான் சொன்னேன். காலையில்தான் தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கியது என்று அவள் அடித்துச் சொன்னாள். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. எங்கள் ஊர்ப் பொன்னம்மை. போனில் ஊருக்கே கேட்கும்படி கத்திப் பேசுகிறவள் அன்று மெதுவாகச் சொன்னாள்: "சாரே, ஏட்டு போயிட்டாரு." எந்த ஏட்டு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு எத்தனையோ போலீஸ் ஏட்டுகள் வந்து போயிருக்கிறார்கள். வெறுமனே ஏட்டு என்றால் அது செல்வராஜ் ஒருவர்தான்.

மீனை வாங்காமல் திரும்பி நடந்தேன். "சாருக்கு என்ன வந்துது? பேய் அடிச்ச மாதிரில்லா போறாரு" என்று மீன்காரி பின்னாலிருந்து சிரித்தாள். பாவம், அவள் ஒன்றும் தெரியாமல் சொன்னாள்.

நம் படிப்பகத்தில் நடக்கப்போகும் நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். அவரோடு நெருங்கிப் பழகியவன் நான்தானாம். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், அவர் இங்கே ஏட்டாக இருந்த நாளில் சபைச் செயலாளராக இருந்தவன், எழுதத் தெரிந்தவன் என்பதும் ஒரு காரணம். எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முழுவதும் வாசித்து முடிக்கும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள். எனக்கே பாதியில் எழுந்து போகத் தோன்றும். அப்போது என்னையும் பிடித்து உட்கார வையுங்கள்.

நான் சொல்லப்போவது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இளையவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அந்த வருடம் அக்கம்பக்கத்து ஊர்களில் என்னென்னவோ நடந்தது. ஓர் ஊரில் கோவில் கொடிக்கம்பத்தை யாரோ சாய்த்தார்கள். இன்னோர் ஊரில் கல்லறைச் சிலுவைகளை உடைத்துப் போட்டார்கள். யார் செய்தது என்று தெரிவதற்கு முன்பே, யார் செய்திருப்பார்கள் என்று இரண்டு பக்கமும் முடிவு கட்டிவிட்டார்கள். போனில் படம் படமாக வந்தது. அது எந்த ஊர்ப் படம், எந்தக் காலத்துப் படம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தெற்குத் தெருவில் கிறிஸ்தவ சபைக்காரர்களான நாங்கள், வடக்குத் தெருவில் இந்துக்கள். ஒரே கடையில் டீ குடித்தவர்கள் தனித்தனியாகக் கூடிப் பேச ஆரம்பித்தோம். எங்கள் வாலிபர்கள் புளியங்கம்பு வெட்டிக் கொண்டுவந்து வீட்டுப் புறத்தில் சாத்தி வைத்தார்கள். பார்த்தும் பார்க்காததுபோல நான் போனேன்.

ஸ்டேஷனில் இருந்தது ஒரே ஒரு ஜீப். அதுவும் பாதி நாள் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். அத்தனை ஊர்களையும் அதை வைத்துக் காப்பாற்ற முடியாது என்று செல்வராஜ் ஏட்டுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, இதே படிப்பகத்தில், இரண்டு தெருக்காரர்களையும் கூட்டி உட்கார வைத்தார். நாங்கள் ஒரு ஓரம், அவர்கள் ஒரு ஓரம். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. ஏட்டு அந்தக் காலி இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யூனிபாரத்தோடு.

"ராத்திரி காவல் எங்களுக்கு, பகல் காவல் உங்களுக்கு" என்றார். "ஆனா ஒரு காரியம். இசக்கியம்மன் கோவிலுக்கு வடக்குத் தெருக்காரங்க காவல் கிடையாது. சபைக்காரங்க போகணும். கல்லறைத் தோட்டத்துக்கு சபைக்காரங்க வேண்டாம். வடக்குத் தெரு பாத்துக்கிடட்டு."

சத்தம் எழுந்தது. எங்கள் கல்லறைக்கு அவர்களா என்று இந்தப் பக்கம். எங்கள் அம்மனுக்கு இவர்களா என்று அந்தப் பக்கம். ஏட்டு கத்தவில்லை. சத்தம் அடங்கும்வரை தொப்பியின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவனவன் சாமிய அவனவன் காத்தா, அது சண்டைக்கு ஆயத்தமாக்கும். அடுத்தவன் சாமியக் காத்தாத்தான் அது காவல்."

முதலில் கை தூக்கியது பொன்னம்மை. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறவள், அய்யாவழிக்காரி, நெற்றியில் நாமம் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. "எனக்க கடையில இருந்தா கல்லறை மொத்தமும் தெரியும். நான் பாக்கேன், அய்யா உண்டு" என்றாள். அதற்குமேல் நாங்கள் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? இசக்கியம்மன் கோவிலுக்குக் காலையும் மாலையும் போக எங்கள் ஆட்கள் இருவர் ஒத்துக்கொண்டார்கள்.

உச்சிப்பொழுது பாக்கி. உங்களுக்குத் தெரியும், குளத்தங்கரையில் பாலை மரத்தடியில் அந்தக் கோவில் தனியாக நிற்கிறது. உச்சிக்கு அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். அந்த நேரம் இசக்கி உலாத்துவாள் என்பது ஊர்ப் பேச்சு. "வடக்குத் தெருக்காரங்களுக்கு அந்தப் பயம் உண்டு. உங்களுக்கு அது கிடையாதுல்லா?" என்று ஏட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் எழுந்தேன். "எங்களுக்கு என்ன பயம்? உச்சிக்கு நான் போகேன்" என்றேன். எங்கள் ஓரத்திலிருந்து கைதட்டல் வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு என் சபைக்காரர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். நாலு தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் எங்களுடையது. என் அம்மா மூன்று வேளையும் முழங்காலில் நின்று ஜெபித்தவள். அதே அம்மா, "உச்சிப்பொழுதுல குளத்தங்கரைப் பக்கம் போயிராத மக்கா" என்று என்னைச் சின்ன வயதிலிருந்தே பயமுறுத்தி வளர்த்திருந்தாள். எனக்கு இசக்கியிடம் பயம். ஐம்பத்தைந்து வயதில், சபைச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, உச்சி வெயிலில் அந்தப் பாலை மரத்தைப் பார்த்தால் கால் நகராது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போதகரிடம்கூட.

ஏட்டு இடத்துக்கொரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தார். போலீஸ்காரர்கள் ரோந்து போகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார்களே, பட்டா புத்தகம், அதைப்போல. தேதி, நேரம், பார்த்தது, கையெழுத்து என்று அவரே பென்சிலால் கட்டம் போட்டிருந்தார். கோவில் நோட்டு என் வீட்டில். கல்லறை நோட்டு பொன்னம்மையின் கடையில். கோவில் நோட்டைக் கோவிலிலேயே தொங்கவிட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். "அங்க தொங்கவிட்டா நான் உங்கள நம்பல்லன்னு ஆகும்லா? வீட்டுலயே இருக்கட்டு" என்றார்.

முதல் நாள் குளத்தங்கரை வளைவுவரை போனேன். அங்கிருந்து பார்த்தால் கோவிலின் கூரை தெரியும். கூரை இருந்தது. திரும்பி வந்து, "பன்னிரண்டே கால். பார்த்தேன். எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் வளைவுவரை போனேன். அடுத்த வாரம் வீட்டு வாசல்வரை. பிறகு சோறு உண்ண உட்காரும்போதே கையெழுத்துப் போட்டுவிடுவேன். என் மனைவி, "போகாமலேயே போடுதிய, கர்த்தர் பாக்க மாட்டாரா?" என்றாள். கர்த்தர் பார்ப்பதைப் பற்றிக்கூட அப்போது எனக்கு அவ்வளவு கவலையில்லை. இசக்கி பார்த்துவிடக் கூடாது.

ஏட்டுக்கு எப்படியோ வாடை தட்டியிருந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினார். எல்லா நாளும் பன்னிரண்டே கால், எல்லா நாளும் ஒரே மை. கட்டன்சாயா குடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சார், உச்சி நேரம் உங்களுக்கு தோது இல்லேன்னா சொல்லுங்க. மாத்தி வெச்சிருகேன். இதுல ஒரு குறைச்சலும் இல்ல. எனக்கே அந்த மரத்தக் கண்டா ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவு மரியாதையாக வாசலைத் திறந்து வைத்தார் மனுஷன். நானோ அவர்மேல் எரிந்து விழுந்தேன். "என்னவே ஏட்டு, என்னைப் பாத்தா பயந்தவன் மாதிரி இருக்கா? நான் கர்த்தருக்குப் பயந்தவனாக்கும், வேற ஒருத்திக்கும் பயந்தவனில்ல" என்றேன். அவர் எழுந்து, "செரி சார், கோவப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் எந்த மதம் என்று ஊரில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. செல்வராஜ் என்ற பெயர் நம் ஜில்லாவில் எந்தப் பக்கமும் இருக்கும். நெற்றியில் ஒன்றும் கிடையாது, கழுத்தில் ஒன்றும் கிடையாது. அம்மன் கோவில் கொடை விழாவில் பாயசத்தை வாங்கிக் குடிப்பார், கிறிஸ்துமஸுக்குக் கேக்கைக் கேட்டு வாங்குவார். நேராகவே ஒருநாள் கேட்டேன். "போலீஸு" என்றார். அவருடைய அடக்கத்துக்குப் போனபோது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இங்கே எழுத மாட்டேன். அவர் சொல்லாததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த நாளுக்கு வருகிறேன். சாயந்தரம் நாலு மணிக்கு வடக்குத் தெருவிலிருந்து அலறல் கேட்டது. விளக்குப் போடப் போன பூசாரி, இசக்கியின் மண்சிலை கை உடைந்து, அவள் இடுப்பில் வைத்திருந்த பிள்ளை தரையில் சிதறிக் கிடப்பதைக் கண்டார். நான் போகும்போது வடக்குத் தெரு மொத்தமும் அங்கே நின்றது. எங்கள் வாலிபர்களும் வந்து ஒரு பக்கமாக நின்றார்கள். புளியங்கம்புகள் இப்போது கையில் இருந்தன. ஏட்டு நடுவில். நோட்டை எடுத்து வரச் சொன்னார், கொண்டுபோய் நீட்டினேன். அவர் கைக்குப் போகுமுன் ஒரு பையன் பிடுங்கி உரக்க வாசித்தான்: "பன்னிரண்டே கால். பார்த்தேன். எல்லாம் சரி."

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பன்னிரண்டே காலுக்குப் பிறகு எவனோ உடைத்திருக்கிறான் என்று ஆகும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, தென்னை ஏறுகிற ராஜப்பன் முன்னால் வந்தான். "நான் பதினோரு மணிக்கு கோயில் பக்கத்துத் தென்ன விளையில மரத்துல நிக்கேன். ஒரு செவப்பு பைக்குல ரெண்டு பேரு கோயில்ல இருந்து வேகமாப் போனாவ. எறங்கி வரும்ப தூரத்துல இருந்து பாத்தேன், அம்மனுக்க கை கீழ கெடக்குது. உச்சி நேரம் பக்கத்துல போகப் பயந்து வீட்டுக்குப் போயிட்டேன்" என்றான்.

நோட்டை வாசித்த பையனே கத்தினான். "ஏலே, பதினொண்ணுக்கே ஒடஞ்சு கெடந்தத பன்னெண்டே காலுக்குப் பாத்து எல்லாம் சரின்னு எழுதியிருக்காரு! அப்ப அவியளுக்குத் தெரியும்டே! தெரிஞ்சுதான் மறைச்சிருக்காவ!"

நான் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். நாக்கு எழவில்லை. வடக்குத் தெருவிலிருந்து ஒருவன் கல்லைக் குனிந்து எடுத்தான். எங்கள் பக்கம் கம்புகள் உயர்ந்தன. ஏட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பையன் கையிலிருந்து நோட்டை வாங்கினார்.

"அங்க என்னடே சத்தம்? இது சாருக்க கையெழுத்து இல்ல. எனக்கதாக்கும்" என்றார். "இன்னைக்கு உச்சிக்கு நான் பாத்துக்கிடுகேன்னு சாருகிட்ட நோட்ட வாங்கிட்டுப் போனேன். வெயிலா இருந்துது. போகல்ல. சாருக்க பேர எழுதி, சாருக்க வீட்டுல குடுத்துட்டேன். தப்பு எனக்க தப்பு."

அதற்குப் பிறகு நடந்ததை இங்கே இருக்கிறவர்களில் பலர் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். சிலர் கையாலும் செய்திருக்கிறீர்கள். சட்டையைப் பிடித்துக் கிழித்தார்கள். தொப்பி குளத்தில் போய் விழுந்தது. "உன்ன நம்பித்தானல இருந்தோம்" என்று ஒரு பெரியவர் அவர் கன்னத்தில் அறைந்தார். எங்கள் வாலிபர்களும் சேர்ந்துகொண்டு அவரைத் திட்டினார்கள். இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே ஆளைத் திட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் கை உயர்த்தவில்லை. எல்லாரும் களைத்துப்போன பிறகு குளத்தில் இறங்கி, தொப்பியை எடுத்துப் பிழிந்துகொண்டு, என் பக்கமாக வந்தார். "போலீஸ்காரன்மேல உள்ள கோவத்துக்கு சாதி மதம் கிடையாது சார். ரெண்டு நாள்ல ஆறிரும். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஆறியது. மறுநாளே ஆறியது. மத்தியானம் மூன்று மணிக்குப் பொன்னம்மை கடையில் இருந்தபோது, கல்லறை மதிலை ஒட்டி ஒரு சிவப்பு பைக் வந்து நின்றது. இரண்டு பேர் மதில் ஏறிக் குதித்தார்கள். அவள் கத்தவில்லை. பைய நடந்துபோய் பைக்கின் சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு நேராகச் சபைக்குள் போய் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். நாமம் போட்ட பொம்பளை சபை மணியை அடித்து, இரண்டு தெருவும் ஓடிவந்து, அவன்கள் இருவரையும் கல்லறைக்குள்ளேயே மடக்கியது நம் ஊரில் மட்டும்தான் நடந்திருக்கும். வெளியூர்க்காரன்கள். நம்மில் யாருக்கும் ஒரு உறவும் இல்லை, ஒரு பகையும் இல்லை. நாம் அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவன்களுக்கு வேண்டியிருந்தது. முந்தின நாள் நாலு மணிக்கே அடித்துக்கொண்டிருந்தால், மறுநாள் மணிச் சத்தத்துக்கு யார் ஓடி வந்திருப்பார்கள்?

ஆக, ஆபத்து முடிந்தது. நான் சொல்ல வருவது இதற்குப் பிறகு உள்ளது.

மறு வாரம் மேலதிகாரி ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்தார். ஏட்டு அவர் முன்னால் விறைப்பாக நின்றார். என்னை உள்ளே கூப்பிட்டு, நோட்டை நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று அதிகாரி கேட்டார். அப்போது ஊரில் யாரும் கம்போடு நிற்கவில்லை. குற்றவாளிகள் ஜெயிலில் இருந்தார்கள். ஆம் என்று சொன்னால் ஒரு வீடும் எரிந்திருக்காது. என் மானம் ஒன்றுதான் போயிருக்கும். சபைச் செயலாளர் இசக்கிக்குப் பயந்தவர் என்று நாலு பேர் சிரித்திருப்பார்கள். அதற்கு அஞ்சித்தான், இல்லை சார் என்றேன். என் கையெழுத்தைப் பார்த்தே அது என் கையெழுத்து இல்லை என்றேன். ஏட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்குத் தண்டனை வந்தது. ஜில்லாவைத் தாண்டித் தூக்கிப் போட்டார்கள். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. கடைசிவரை ஏட்டாகவே இருந்து ஓய்வு பெற்றார். மாற்றலாகிப் போகிற அன்று என் வீட்டுக்கு வந்தார். நான் வாசலில் நின்று அழ ஆரம்பித்தேன். "இனி மாத்திச் சொன்னா நாம ரெண்டு பேருமே பொய்யன்னு ஆவும். விடுங்க சார்" என்று தோளைத் தட்டினார். கையில் ஒரு புது நோட்டு. பழையது விசாரணைக்குப் போய்விட்டதாம். "கோயில்ல கேமரா வைக்கப் போறாவ, இனி இது வேண்டிவராது. இருந்தாலும் வெச்சுக்கிடுங்க. கேமரா கெட்டுப்போனா உதவும்" என்றார். உள்ளே அதே பென்சில் கட்டம். எனக்கு அதைத் தொடவே கூசியது. அலமாரியில் துணிக்கு அடியில் போட்டு வைத்தேன்.

அடுத்த மாதம் இதே படிப்பகத்தில், ஊர் ஒற்றுமையைக் காத்ததற்காக எனக்கும் பொன்னம்மைக்கும் பொன்னாடை போர்த்தினீர்கள். நான் போர்த்திக்கொண்டேன். அப்போது பேசியவர், பேர் சொல்லாமல், கடமை தவறிய ஒரு காவலரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். நானும் கைதட்டினேன். என்ன மனுஷன் பாருங்கள் நான்.

நாலைந்து வருடம் கழித்து கோட்டாறு சந்தையில் அவரைக் கண்டேன். ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்கு வத்தல் மிளகாய் வாங்க வந்திருந்தார். கடைக்காரரிடம் என்னைக் காட்டி, "எங்க ஊர் சாராக்கும்" என்றார். எங்கள் ஊர் அவருக்கு ஊர்! டீ குடித்தோம். "இப்பம் உச்சிக்குப் போவியளா சார்?" என்று கண்ணைச் சிமிட்டினார். "போவேன்" என்றேன். அதுவும் பொய். "நல்லது, நல்லது" என்றார். கிளம்பும்போது மட்டும், டம்ளரைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். "வேற ஒண்ணும் பெருசா இல்ல சார். பொண்ணுதான் கேட்டா. அப்பா, வெயில்னு சொல்லி ஏன் போகாம இருந்தியன்னு. அதுக்கு மட்டும் எனக்கு பதில் வரல்ல." அந்தப் பதில் என்னிடம் இருந்தது. அவர் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் என்னால் முடிந்தது.

அடக்கத்துக்கு நானும் பொன்னம்மையும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் மகள் ஷைலா கல்ஃபில் நர்ஸ். முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தாள். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், அன்னைக்கு எங்க அப்பா செய்த தப்புக்கு உங்க ஊர்ல யாருக்கும் இப்ப கோவம் இல்லல்லா?" என்று கேட்டாள். "நான்தான் சார் அவரை ரொம்ப திட்டிட்டேன். ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு வருஷம் அப்பாகிட்ட சரியா முகம் குடுத்துப் பேசல்ல. அவர் ஒண்ணும் சொல்லல்ல. நீங்க அவரை மன்னிச்சிட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு மட்டும் நான் தப்பினேன். ஆனால் வேறு எதையும் சொல்லவும் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். குளத்தங்கரையில் ஒருமுறை, கோட்டாற்றில் ஒருமுறை, இப்போது மூன்றாவது முறையும் வாயை மூடிக்கொண்டேன், அவருடைய உடம்புக்கு முன்னாலேயே.

திரும்பும்போதும் நானும் பொன்னம்மையும் ஒரே பஸ்ஸில். கருங்கல் நெருங்கும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாரே, அன்னைக்கு பதினொண்ணர மணில இருந்து ஒரு மணி வர ஏட்டு எனக்க கடையிலதான் இருந்தாரு. கல்லறைப் பக்கம் ஒரு கண்ணு வைக்கணும்னு. அவருக்க கையில நோட்டு ஒண்ணும் இல்ல."

"தெரிஞ்சுமா இத்தன வருஷம் சொல்லாம இருந்த?" என்றேன்.

"ஏட்டு சொல்லப்பிடாதுன்னாரு. சொல்லுகதுன்னா சாரே சொல்லட்டு, அவரு நல்ல மனுஷன்தான், ஒருநாள் சொல்லுவாருன்னாரு." அவள் இப்போது என் முகத்தை நேராகப் பார்த்தாள். "நானும் பாத்துட்டே இருக்கேன். அவரு கண்ண மூடியாச்சு. நீங்க இன்னும் வாயத் தொறக்கல்ல."

நான் நல்லவன் என்று அவர் சொன்னாராம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவரைப் பற்றி என்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று கேட்டால், அந்த நோட்டுதான். நேற்று அதை அலமாரியிலிருந்து எடுத்தேன். பென்சில் கோடுகள் மங்கியிருந்தன, அழியவில்லை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உச்சிக்குக் குளத்தங்கரைக்குப் போனேன். வளைவில் கால் நின்றது. அறுபத்தேழு வயதிலும் நிற்கிறது. தனியாகத்தான் போனேன், ஜெபித்துக்கொண்டே போனேன், நடுங்கிக்கொண்டே போனேன். கோவில் வாசலில் நின்று இசக்கியைப் பார்த்தேன். புதிதாகச் செய்துவைத்த சிலை. இடுப்பில் பிள்ளை பத்திரமாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பாலை மரத்தில் காக்கை கத்தியது. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பத்து நிமிட நடைக்காகவா ஒரு மனுஷனை இப்படி ஆக்கினேன்?

முதல் கட்டத்தில் தேதி எழுதினேன். நேரம், பன்னிரண்டே கால். பார்த்தது என்ற இடத்தில், "எல்லாம் சரி" என்று எழுதக் கை வரவில்லை. கோவில் சரியாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த நோட்டை நானே வைத்துக்கொள்வேன். என் கால் நடக்கிற நாள்வரை அதில் வரிகள் சேரும்.

ஊரார் என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். பொன்னாடை வீட்டில்தான் இருந்தது, கொண்டுவந்திருக்கிறேன். மேலதிகாரிகளுக்கும் இதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். இறந்தவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை.

ஷைலா, நீ முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாய் என்று சொன்னார்கள். மகளே, உன் அப்பா அன்றைக்கு எங்கே காவல் இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தார். போகாதவன் நான். அந்தக் கையெழுத்து என்னுடையது. அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாயே இரண்டு வருடம், அந்தக் கோபம் என்மேல் வந்திருக்க வேண்டியது. இப்போது கொடு, நான் இங்கேதான் நிற்கிறேன்.